ஒரு துளையின் மதிப்பு

சென்னபட்டணாவின் கடைசல்காரர்கள் பொம்மையிலிருந்து விளக்குத் தண்டுக்கு மாறும்போது, இயந்திரத்தின் பின்கோடியில் இருக்கும் எட்டு மில்லிமீட்டர் துளை பிழைப்பைத் தீர்மானிக்கிறது.

பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போகும் பழைய நெடுஞ்சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனதும் சாலையோரம் நிறம் மாறும். மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக அரக்குப் பூசிய மரக் குதிரைகள், கிலுகிலுப்பைகள், நடைவண்டிகள், தலையாட்டும் பொம்மைகள். வண்டியை நிறுத்தி, குழந்தைக்கு ஒன்று வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் ஒரு காபி குடித்துவிட்டுப் போவது பயணிகளின் வழக்கம். 2023 மார்ச்சில் பெங்களூர்-மைசூர் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. புதிய சாலை ஊருக்கு வெளியே வளைந்து போகிறது. வண்டிகளும் அதோடு போய்விட்டன. பொம்மைக் கடைக்காரர்கள் பழைய சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வழிப்போக்கரை நம்பிய வியாபாரம் சுருங்கினால் எஞ்சுவது தூரத்து ஆர்டர். பெருநகரக் கடைகளும் வெளிநாட்டு வியாபாரிகளும் பொம்மையோடு நிறுத்திக்கொள்வதில்லை. மேஜை விளக்கு, மெழுகுவர்த்தித் தண்டு, மிளகு அரைக்கும் மரக்குடுவை, பேனா, திரைச்சீலைக் கம்பு என்று வீட்டுச் சாமான்களாகக் கேட்கிறார்கள். பொம்மையைவிட இவற்றுக்குக் கூடுதல் விலை கிடைக்கும். ஆனால் இவற்றில் பலவற்றுக்கு நடுவில் ஒரு துளை வேண்டும். அந்தத் துளை நேராக இருக்க வேண்டும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

தயிரும் மரமும்

தயிர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல். கன்னடத்திலும் 'கடெ' என்ற சொல் இரண்டுக்கும் பொது. இந்த ஒற்றுமைக்குக் காரணம் கயிறு. பழைய கடைசல் பட்டறையில் மரத்தைச் சுற்றிய கயிற்றை ஒருவர் முன்னும் பின்னும் இழுப்பார். மத்தைப் போலவே மரமும் ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படிச் சுழலும். தனியாக வேலை செய்பவர் ஒரு கையால் வில்லை இழுத்து, மறு கையால் உளியைப் பிடித்து, கால்விரலை உளிக்கு முட்டுக் கொடுப்பார். மரம் உளியை நோக்கிச் சுழலும்போதுதான் வெட்டு விழும்; திரும்பும் சுற்று வீண். மின்மோட்டார் வந்து அந்த வீண் சுற்றை ஒழித்தது.

திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்துச் சென்னபட்டணாவில் இந்தக் கலையைத் தொடங்கி வைத்தார் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. மரம், கன்னடத்தில் 'ஆலெ'. நம் நாட்டு வைத்தியர்கள் தோல் நோய்க்கு எண்ணெய் காய்ச்சும் வெட்பாலைதான் அது. வெண்மையான, நெருக்கமான இழை கொண்ட, உளிக்கு இசைந்து கொடுக்கும் மரம். வெட்டிய கட்டையைச் சில மாதங்கள் காயவைத்து, துண்டு போட்டு, ஒரு முனையை இயந்திரத்தின் சுழலும் கிண்ணத்தில் அடித்து இறுக்குகிறார்கள். உருவம் வந்ததும், சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி ஒட்டிக்கொள்கிறது. தாழை ஓலைத் துண்டை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி மினுமினுப்பு. கடைசியாக உளியின் நுனியால் ஒரு கீறல். பொம்மை தனியே விழுகிறது.

ஆந்திரத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏட்டிகொப்பாக்காவிலும் இதே மரம், இதே அரக்கு. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஏட்டிகொப்பாக்காவில் ரசாயனச் சாயத்தை விட்டுத் தாவரச் சாயத்துக்கு மாறும் முயற்சியை முன்னின்று நடத்திய சி.வி. ராஜுவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, 2017-ல், அந்த ஊர்ப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. காலத்துக்கு ஏற்பக் கைமுறையை மாற்றிக்கொண்டால் இந்தத் தொழில் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம். அங்கே மாறியது நிறம். இங்கே மாற வேண்டியது இயந்திரம்.

வால் இல்லாத வேலை

மரக்கடைசல் லேத்துக்கு மூன்று முக்கிய அங்கங்கள். மரத்தைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் ஒரு கோடியில். மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் எதிர்க்கோடியில். இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைத்திருக்கும் பெட் நடுவில். டெயில்ஸ்டாக்கைப் பெட்மேல் முன்னும் பின்னும் நகர்த்தி, வேண்டிய இடத்தில் இறுக்கலாம். அதன் பின்னாலுள்ள கைச்சக்கரத்தைத் திருப்பினால் உள்ளிருக்கும் உருளை வெளியே வந்து, கூர்முனையால் மரத்தை அழுத்திப் பிடிக்கும்.

மூன்று அங்குலப் பொம்மைக்கு இந்த வால்பகுதியே தேவையில்லை. ஒரு முனையில் இறுக்கிப் பிடித்தால் போதும். மறுமுனை வெறுமனே சுற்றும். அதனால் பொம்மைத் தொழிலில் ஊறியவர்கள் இயந்திரம் வாங்கும்போது மோட்டாரின் குதிரைத்திறனைப் பார்க்கிறார்கள், பெட்டின் நீளத்தைப் பார்க்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள். டெயில்ஸ்டாக்கைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பன்னிரண்டு அங்குல விளக்குத் தண்டு என்று ஆர்டர் வந்ததும் கதை மாறுகிறது. ஒரு முனையில் மட்டும் பிடித்தால் நீளத் தண்டு சாட்டையாய் ஆடும். டெயில்ஸ்டாக் கட்டாயம். அதோடு, அடியிலிருந்து உச்சிவரை ஒயர் போக வழி வேண்டும்.

வழக்கமான முறையில் டெயில்ஸ்டாக்கில் டிரில் சக்கை மாட்டி, கைச்சக்கரத்தைத் திருப்பித் துளை போடலாம். ஆனால் நடுத்தர லேத்தில் அந்த உருளை வெளியே வருவது இரண்டரை முதல் நான்கு அங்குலம்தான். அதைவிட ஆழமாகப் போக வேண்டுமானால் டெயில்ஸ்டாக்கையே நகர்த்தி நகர்த்திப் போட வேண்டும். இடமும் போதாது. தண்டு 12 அங்குலம், டிரில் பிட் இன்னொரு 12 அங்குலம், சக் நாலைந்து அங்குலம். கிட்டத்தட்ட 30 அங்குல இடைவெளி தேவை. சிறிய லேத்துகளில் அதில் பாதிதான் இருக்கும். தவிர, டிரில் சக் வந்து நிற்கும் இடத்தில் மரத்தைத் தாங்க முனை எதுவும் இருக்காது.

உள்ளே ஒரு வழி

இதற்கான விடைதான் துளையுள்ள டெயில்ஸ்டாக். கைச்சக்கரம், அதன் திருகு, உருளை எல்லாவற்றின் நடுவிலும் ஒரு நேர்வழி. பின்புறம் ஒரு கம்பியை நுழைத்தால் மரம் இருக்கும் பக்கம் வெளிவரும். முன்னால் பொருத்தும் சென்டரும் உள்ளீடற்றதாக இருக்க வேண்டும். கூர்முனைக்குப் பதிலாக ஒரு வளையம் மரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். வளையத்தின் நடுவே வழி திறந்திருக்கும்.

வேலை இப்படி நடக்கிறது. மரத்தை இரண்டு முனைகளிலும் தாங்கி, முதலில் தோராயமாக உருட்டிக்கொள்கிறார்கள். பிறகு 8 மில்லிமீட்டர் நீளத் துறப்பணத்தை, அதாவது வழித்த குழாய்போல் ஒரு பக்கம் திறந்த ஆகரை, டெயில்ஸ்டாக்கின் பின்னாலிருந்து நுழைக்கிறார்கள். இதில் துறப்பணம் சுழலுவதில்லை, மரம்தான் சுழலுகிறது. இது சின்ன வித்தியாசம்போலத் தோன்றும். சுழலும் துறப்பணம் மரத்தின் இழை இழுக்கும் பக்கம் சாயும். மரம் சுழன்று துறப்பணம் நிலையாக நின்றால் அந்தச் சாய்வு பெருமளவு குறைந்து, துளை மையத்தைவிட்டு அதிகம் விலகாது.

வேகம் குறைவாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 500 சுற்று அளவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வோர் அங்குலத்துக்கும் துறப்பணத்தை முழுவதும் வெளியே இழுத்துச் சீவலைத் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் சீவல் உள்ளே இறுகி, சூடேறி, துறப்பணம் மரத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பாதி நீளத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத் துளைத்ததும் மரத்தைத் திருப்பி மாட்டி, மறுமுனையிலிருந்து துளைத்தால் இரண்டும் நடுவில் சந்திக்கும். சந்திப்பில் ஒரு நூலிழை பிசகினாலும் அது உள்ளே இருப்பதால் தெரியாது. ஒரே பக்கமாகத் துளைத்துக்கொண்டே போனால், ஹெட்ஸ்டாக் பக்கத்து இரும்புப் பல்லில் மோதித் துறப்பணத்தின் முனை மழுங்கும். அந்த ஆபத்தும் இந்த முறையில் இல்லை. திருப்பி மாட்டும்போது, ஏற்கனவே போட்ட துளைக்குள் உட்காரும் குமிழ் உள்ள சென்டரை ஹெட்ஸ்டாக்கில் வைத்தால் மையம் தவறாது.

அனுபவசாலிகள் மாற்றாத வரிசை ஒன்று உண்டு: முதலில் துளை, பிறகு உருவம். மரம் தடியாக இருக்கும்போதே துளைத்துவிட்டு, அந்தத் துளையையே மையமாக வைத்து வெளிப்புறத்தைக் கடைந்தால், துளை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் வெளி உருவம் இரண்டு வாய்களையும் அனுசரித்துக்கொள்ளும். அழகாகக் கடைந்து அரக்கும் பூசி முடித்த தண்டில் கடைசியாகத் துளை போடப் போய், பக்கவாட்டில் பிட் எட்டிப் பார்த்தால் நாள் முழுக்கச் செய்த வேலை அடுப்புக்குத்தான் போகும்.

நீளத் துளை நம் நாட்டுக் கடைசலுக்குப் புதிதல்ல. ஷெனாயும் நாகஸ்வரமும் கடைந்து துளைத்த மரங்கள்தாமே? தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து, இரண்டடிக்கு மேல் நீளமான குழலில் கீழே போகப்போக விரியும் துளையைக் கையால் உருவாக்குகிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் துளையில் நாதம் பிறக்க வேண்டும். விளக்குத் தண்டில் ஒயர் போனால் போதும். நாகஸ்வர ஆச்சாரி தலைமுறை தலைமுறையாகக் கற்ற பொறுமையின் ஒரு பகுதியை, விளக்குத் தண்டு செய்பவருக்கு ஒரு நல்ல இயந்திரம் கொடுக்கிறது என்று சொல்லலாம்.

துளைக்கு வேறு வேலைகள்

விளக்கு ஆர்டர் வராத நாளிலும் இந்தத் துளை சும்மா இருப்பதில்லை. டெயில்ஸ்டாக்கில் பொருத்தும் சென்டர், சக் எல்லாம் மோர்ஸ் டேப்பர் என்ற சாய்வுக் குழியில் இறுகி உட்காருபவை. பின்னாலிருந்து ஒரு கம்பியை விட்டு ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடும். துளை இல்லாத இயந்திரத்தில் திருகின் முனை உள்ளிருந்து தள்ளுமாறு அமைத்திருப்பார்கள். அந்த அமைப்பு தேய்ந்துபோனால் சென்டரைக் குறட்டால் பிடித்து மல்லுக்கட்ட வேண்டும்.

எதிர்மாறான வசதியும் கிடைக்கிறது. அகலத் துளை போட்டுவிட்டுப் பிட்டை வெளியே இழுக்கும்போது, டிரில் சக்கே டேப்பரிலிருந்து கழன்று சுழலும் மரத்தோடு போய்விடுவது உண்டு. கைக்கு ஆபத்தான சமயம் அது. திருகு மரை போட்ட நீளக் கம்பியைப் பின்னாலிருந்து விட்டு, சக்கை இழுத்துக் கட்டிவிட்டால் கழலாது.

பேனா செய்பவர்களுக்கு மூன்றாவது உபயோகம். பேனாக் குழாய்களைக் கோத்துக் கடையும் எஃகுக் கம்பியின் முனையில் டெயில்ஸ்டாக்கை அதிகம் அழுத்தினால் கம்பி வளையும். பேனா முட்டை வடிவமாகும். உள்ளீடற்ற சென்டர் இருந்தால் கம்பியின் மிச்ச நீளம் டெயில்ஸ்டாக்குக்குள் போய்விடும். அழுத்தம் கம்பியின் முனையில் விழாமல், பேனா மரத்தை இறுக்கும் வளையத்தின்மேல் விழும்.

துளை மட்டும் போதுமா?

போதாது. துளை இருந்து இயந்திரம் அதிர்ந்தால் பயனில்லை. வார்ப்பிரும்புப் பெட், நல்ல கனம், தரையோடு பொருத்திய கால்கள் முதலில் வேண்டும். இரண்டு அங்குலத் தடிமனுள்ள தண்டுகளுக்கு முக்கால் குதிரைத்திறன் போதும். அகலக் கிண்ணம் கடைய நினைப்பவர்தான் அதற்குமேல் யோசிக்க வேண்டும். சுழல்வேகத்துக்கு ஒரு வாய்க்கணக்கு உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் இடையில் வர வேண்டும். இரண்டு அங்குலத் தண்டுக்கு 3,000 முதல் 4,500 சுற்று. ஆறு அங்குலக் கிண்ணத்துக்கு 1,000 முதல் 1,500. கரடுமுரடான கட்டையை உருட்டும்போது இதற்கும் கீழே இறங்க வேண்டும். ஆகவே, 500 சுற்றுக்கு இறங்கக்கூடிய இயந்திரமா என்று கேட்பது முக்கியம். துளை போடவும் அதுதான் வேகம்.

ராஜ்கோட்டிலும் பட்டாலாவிலும் தயாராகும் இரும்புக் கடைசல் லேத்தைக் குறைந்த விலைக்குப் பழையதாக வாங்கி மரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கனமும் உறுதியும் கிடைக்கும். ஆனால் அவற்றின் டெயில்ஸ்டாக் திருகு பொதுவாகக் கெட்டியானது. ஊடுருவும் வழி இருக்காது. மர வேலைக்கு வேண்டிய வேகமும் பலவற்றில் வராது.

கையிலிருக்கும் லேத்தில் துளை இல்லையென்றால் உடனே புதிது வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. உளி தாங்கும் பலகையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் உள்ளீடற்ற முனைகொண்ட ஒரு தாங்கியைப் பொருத்தலாம். அதன் உயரம் ஹெட்ஸ்டாக்கின் மையத்தோடு சரியாக ஒத்திருக்க வேண்டும். மரம் அதில் தாங்கிச் சுழல, அதன் வழியே துறப்பணம் போகும். இன்னும் எளிய வழி ஒன்று, மரத்தை இரண்டு பாதியாகப் பிளந்து, நடுவில் பள்ளம் எடுத்து, ஒட்டி, பிறகு கடைவது. அரக்கு பூசும் சாமானில் ஒட்டு மறைந்துவிடும். மரத்தின் இயல்பு நிறத்தைக் காட்டச் சொல்லும் ஆர்டருக்கு அது ஆகாது.

பணத்துக்கு ஒரு வழியும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சும் பாரம்பரியப் பொம்மைத் தொழிலும் அடக்கம். கருவிகளுக்கு 15,000 ரூபாய், ஈடின்றி 5 சதவிகித வட்டியில் முதலில் ஒரு லட்சமும் அடுத்து இரண்டு லட்சமும் கடன் என்பது திட்டத்தின் ஏற்பாடு. துறப்பணம், உள்ளீடற்ற சென்டர் போன்றவற்றைக் கருவித் தொகையிலும், இயந்திரத்தைக் கடனிலும் யோசிக்கலாம். கடன் வாங்கி வாங்கும் இயந்திரம் பல வருடம் கூடவே இருக்கப்போகிறது. தப்பான இயந்திரத்துக்கும் அதே வட்டிதான்.

சென்னபட்டணாவில் பொம்மை நின்றுவிடப் போவதில்லை. 2020 ஆகஸ்டில் வானொலி உரையில் பிரதமரே அந்த ஊரின் பெயரைச் சொன்னார். பிள்ளைகள் இருக்கும்வரை கிலுகிலுப்பைக்கும் இடம் உண்டு. ஆனால் சாலையில் வண்டி நிற்காத ஊரில், பொம்மை மட்டுமே தெரிந்த பட்டறைக்கும், பொம்மையோடு விளக்கும் பேனாவும் செய்யத் தெரிந்த பட்டறைக்கும் மாதக் கடைசியில் வித்தியாசம் தெரியும். அரக்கும் வெட்பாலையும் கைவேகமும் இரண்டு பட்டறைக்கும் பொது. துளைதான் பொது இல்லை.

கடையில் ஐந்து நிமிடச் சோதனை

* பையில் ஓரடி நீளமான 8 மி.மீ. கம்பி ஒன்றை எடுத்துப் போங்கள். டெயில்ஸ்டாக்கின் கைச்சக்கரப் பக்கம் நுழையுங்கள். தடையில்லாமல் மறுபக்கம் வந்தால்தான் அது துளையுள்ள டெயில்ஸ்டாக். பாதியில் நின்றால் விற்பவர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

* மோர்ஸ் டேப்பர் எத்தனாம் எண் என்று கேளுங்கள். 2-ஆம் எண் நல்லது. 1-ஆம் எண் குழியின் ஒடுங்கிய முனையே ஒன்பதரை மில்லிமீட்டருக்குள்தான், 8 மி.மீ. துறப்பணத்துக்கு இடம் நெருக்கடியாகும்.

* இரு பக்கமும் கூர்முனைச் சென்டரைப் பொருத்தி, டெயில்ஸ்டாக்கை நெருக்குங்கள். இரண்டு கூரும் ஒன்றையொன்று நேராகத் தொட வேண்டும். உருளையை முழுவதும் வெளியே தள்ளி மறுபடி பாருங்கள். அப்போதும் நேராக இருந்தால் நல்ல இயந்திரம்.

* டெயில்ஸ்டாக்கைப் பெட்டில் இறுக்கிவிட்டுக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் விட்டுவிடுங்கள்.

* உள்ளீடற்ற சென்டர் கூடவே வருகிறதா, தனியே வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் துளை மட்டும் இருந்து பயனில்லை.

* வேலை தொடங்குமுன் புடவைத் தலைப்பு, துப்பட்டா, தோள் துண்டு எதுவும் தொங்காமல் கட்டிக்கொள்ளுங்கள். முகக் கண்ணாடியும் தூசு மறைப்பும் அவசியம். துளை முடிந்ததும் இரு வாய்களின் விளிம்பையும் மழுக்கிவிடுங்கள். கூரான விளிம்பு ஒயரின் தோலை அறுத்தால், விளக்கை வாங்கியவர் வீட்டில் ஷாக் அடிக்கும்.